கணையப் புற்றுநோய்க்கான இலக்கு மருந்துகள்: யாருக்கு எது, எப்போது

கணையப் புற்றுநோய் என்று உறுதியாகி, இலக்கு மருந்து (புற்றுசெல்லை வளர்க்கும் குறிப்பிட்ட புரதத்தையோ மரபணுப் பழுதையோ குறிவைத்துத் தாக்கும் மருந்து) தரலாமா என்ற பேச்சு எழும்போது நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் கேட்பது, ‘இருப்பவற்றில் எது சிறந்த மருந்து?’ என்ற கேள்வியைத்தான். கேள்வி இயல்பானது, ஆனால் அதற்கான விடை மருந்துப் பட்டியலில் கிடைக்காது, பயாப்சி அறிக்கையிலும் மரபணு அறிக்கையிலும்தான் கிடைக்கும். ஒருவருக்கு நோயைப் பல மாதங்கள் கட்டிப்போட்ட மாத்திரை, அதே உறுப்பில் அதே அளவு கட்டியுள்ள இன்னொருவருக்குப் பக்கவிளைவை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆகவே இங்கே மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது, ஒவ்வொன்றும் யாருக்காக என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

முதல் பிரிவினை கட்டியின் வகையிலேயே தொடங்குகிறது. கணையத்தில் தோன்றும் புற்றுகளில் ஏறத்தாழ 90 சதவீதம், செரிமான நீரைக் கொண்டுசெல்லும் நாளங்களின் உட்சுவரில் உருவாகும் அடினோகார்சினோமா. எஞ்சியவற்றில் முக்கியமானது, ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து எழும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. இரண்டையும் பேச்சில் கணையப் புற்றுநோய் என்றே சொல்கிறோம்; ஆனால் வளரும் வேகம், பரவும் விதம், கட்டுப்படும் மருந்து என எதிலும் இவை ஒன்றல்ல. யாரோ ஒருவர் மாத்திரையிலேயே பல ஆண்டுகள் நலமாக இருக்கிறார் என்று கேள்விப்படும்போது, அவருக்கு இருப்பது இரண்டில் எது என்று முதலில் விசாரிப்பது நல்லது. அந்த ஒரு விவரம் விடுபட்டுப் போவதால் எத்தனையோ குடும்பங்கள் தவறான நம்பிக்கையிலும், சில சமயம் தேவையற்ற அவநம்பிக்கையிலும் சிக்கிக்கொள்கின்றன.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சையால் அகற்றக்கூடிய நிலையில் இருக்கும் அடினோகார்சினோமாவுக்கு, அறுவையும் அதனோடு சேர்ந்த கீமோதெரபியுமே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. இக்கட்டுரையில் பேசப்படும் இலக்கு மருந்துகள் பெரும்பாலும் நோய் கல்லீரலுக்கோ பிற உறுப்புகளுக்கோ பரவியவர்களுக்கும், அறுவைக்கு வாய்ப்பில்லாதவர்களுக்கும் உரியவை.

எதோடு ஒப்பிடுவது

பரவிய அடினோகார்சினோமாவில் எந்தப் புதிய மருந்தையும் அளந்து பார்க்கும் அளவுகோல் கீமோதெரபிதான். ஜெம்சிட்டபின் என்ற ஒற்றை மருந்து வழக்கமான சிகிச்சையாக இருந்த காலத்தில் இடைநிலை ஆயுட்காலம் ஏறத்தாழ 6 மாதம். இடைநிலை என்றால், பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள் என்று பொருள். ஒரு தனி மனிதருக்கு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாள் அல்ல அது. 2011-இல் நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் அந்த எண்ணை 11.1 மாதமாக உயர்த்தியது. அதே ஆய்வில் ஜெம்சிட்டபின் பெற்றவர்களுக்கு அது 6.8 மாதம். 2013-இல் ஜெம்சிட்டபினோடு நாப்-பாக்ளிடாக்சல் சேர்த்தபோது 8.5 மாதம் கிடைத்தது. ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்களுக்கு 6.7 மாதம்.

இலக்கு மருந்துகளின் ஆய்வுகளில் மூன்று வெவ்வேறு அளவுகள் வரும். இவற்றைக் குழப்பிக்கொண்டால் ஒப்பீடே தடம் மாறிவிடும். எத்தனை பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது என்பது ஒன்று. நோய் முன்னேறாமல் எவ்வளவு காலம் நின்றது என்பது இரண்டாவது. மொத்தத்தில் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பது மூன்றாவது. ஒரு மருந்து முதல் இரண்டில் நன்றாகவும் மூன்றாவதில் மாற்றமே இல்லாமலும் இருக்கலாம். ‘அங்கீகாரம் பெற்ற மருந்து’ என்ற சொல்லுக்கு ஆயுளை நீட்டுவது உறுதிப்பட்ட மருந்து என்று நாமாகப் பொருள் கொள்கிறோம். கணையத்தைப் பொறுத்தவரை அங்கீகாரங்கள் பலவும் முதல் இரண்டு அளவுகளின் அடிப்படையில் தரப்பட்டவை.

எர்லோடினிப்: முதலில் வந்தது, இன்று பின்தங்கியது

கணைய அடினோகார்சினோமாவுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த முதல் இலக்கு மருந்து எர்லோடினிப், ஆண்டு 2005. செல்லின் மேற்பரப்பிலிருந்து ‘வளர்’ என்று ஆணையிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை அது தடுக்கிறது. 569 பேர் பங்கேற்ற ஆய்வில் ஜெம்சிட்டபினோடு எர்லோடினிப் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 6.24 மாதம், சேர்க்காதவர்களுக்கு 5.91 மாதம். இடைவெளி ஏறத்தாழ பத்து நாள். ஓராண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் 23 சதவீதம், எதிர்த் தரப்பில் 17 சதவீதம். புள்ளியியல் முறைப்படி வேறுபாடு உண்மையானது. தோல் தடிப்பையும் வயிற்றுப்போக்கையும் தாங்கிக்கொண்ட நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மிகச் சிறியது.

இதற்கான காரணம் உயிரியலிலேயே இருக்கிறது. கணைய அடினோகார்சினோமாக்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கே-ராஸ் என்ற மரபணு பிறழ்ந்திருக்கிறது. கே-ராஸ் என்பது ஏற்பிக்குக் கீழே, செல்லுக்கு உள்ளே இருக்கும் ஒரு சுவிட்ச். பிறழ்வினால் அது எப்போதும் திறந்தே, அதாவது ‘வளர்’ என்ற ஆணையை விடாமல் அனுப்பிக்கொண்டே கிடக்கிறது. கீழே சுவிட்ச் திறந்திருக்கும்போது மேலே உள்ள ஏற்பியை அடைத்துப் பெரும்பயன் எப்படி வரும்? பின்னர் வெளியான, பரவாமல் அருகிலேயே முற்றிய நோய்க்கான பெரிய ஆய்வொன்றும் எர்லோடினிப் ஆயுளை நீட்டவில்லை என்றே காட்டியது. எந்தச் சோதனையும் இல்லாமல் எல்லோருக்கும் தரப்பட்ட இலக்கு மருந்து அது. உண்மையில் இலக்கைத் தேடாமலேயே அம்பு விட்டதற்குச் சமம். இன்று ஒருவருக்கு அதைப் பரிந்துரைத்தால், வேறு வழிகள் ஏன் பொருந்தவில்லை என்று கேட்பது நியாயம்தான்.

ஓலபாரிப்: தள்ளிப்போடும் மருந்து, அதன் உண்மையான விலை

பிறப்பிலேயே பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவில் பிறழ்வு கொண்டவர்கள், பரவிய கணையப் புற்றுள்ளவர்களில் சிறு பங்கினர். ஓலபாரிப் ஆய்வுக்காக 3,315 பேரைச் சோதித்ததில் 247 பேரிடம், அதாவது 7.5 சதவீதத்தினரிடம், இது தென்பட்டது. இந்த மரபணுக்களின் பணி டி.என்.ஏ.வில் ஏற்படும் முறிவுகளைச் செப்பனிடுவது. அது பழுதான புற்றுசெல், பார்ப் என்ற மாற்றுச் செப்பனிடும் நொதியை நம்பியே பிழைக்கிறது. அந்த நொதியையும் ஓலபாரிப் அடைத்துவிட்டால் செல் முறிவுகளைச் சரிசெய்ய வழியின்றி மடிகிறது. இதே காரணத்தால் டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கும் பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துகளும் இவர்களிடம் நன்றாக வேலை செய்கின்றன. ஆகவே பிஆர்சிஏ பிறழ்வு தெரிந்தவுடன் கிடைக்கும் முதல் பயன் ஓலபாரிப் அல்ல, ஆக்ஸாலிபிளாட்டினோ சிஸ்பிளாட்டினோ உள்ள கீமோவைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற தெளிவுதான். இது பலர் கண்ணில் படாமல் போகிறது.

2019-இல் வெளியான போலோ ஆய்வில், குறைந்தது 16 வாரம் பிளாட்டினம் கீமோ பெற்று நோய் முன்னேறாமல் நின்ற 154 பேரைப் பிரித்து, ஒரு தரப்புக்கு ஓலபாரிப்பும் மறு தரப்புக்குப் போலி மாத்திரையும் (ஒப்பீட்டுக்காகத் தரப்படும், மருந்தில்லாத மாத்திரை) தந்தார்கள். நோய் முன்னேறாமல் நின்ற காலம் ஓலபாரிப் தரப்பில் 7.4 மாதம், போலி மாத்திரைத் தரப்பில் 3.8 மாதம். ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் மொத்த இடைநிலை ஆயுட்காலம் 19.0 மாதம், 19.2 மாதம் என்று இரு தரப்பிலும் ஒன்றாகவே முடிந்தது. மூன்றாண்டு கடந்து வாழ்ந்தவர்களின் விகிதம் மட்டும் 33.9 சதவீதமாகவும் 17.8 சதவீதமாகவும் பிரிந்தது. போலி மாத்திரைத் தரப்பிலும் சிலர் பின்னாளில் இதே வகை மருந்தைப் பெற்றார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த எண்களை வைத்து முடிவெடுப்பவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆய்வு ஓலபாரிப்பைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டது. தொடர்ந்து தரப்படும் கீமோவோடு ஒப்பிடவில்லை. நிஜ வாழ்வில் நோயாளியின் முன் இருக்கும் கேள்வியோ, கீமோவைத் தொடர்வதா அல்லது நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறுவதா என்பதாக இருக்கும். நான்கு மாதம் ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்றவருக்கு, அதிலுள்ள ஆக்ஸாலிபிளாட்டினால் விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படும் நிலை வந்திருந்தால், ஊசியையும் குழாயையும் விட்டு நாளுக்கு இரு வேளை மாத்திரைக்கு மாறுவது பெரிய விடுதலை. கீமோவை எளிதாகத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்கேனிலும் கட்டி இன்னும் சுருங்கிக்கொண்டே வருபவருக்கு, அவசரமாக மாற்றுவதைவிட இன்னும் சில சுற்றுகள் தொடர்வதே பொருத்தம் என்பது என் எண்ணம். ஓலபாரிப்பும் சுமையற்றதல்ல: ரத்தசோகை, களைப்பு, குமட்டல் ஆகியவை அடிக்கடி வருகின்றன, கடுமையான பக்கவிளைவுகள் 40 சதவீதத்தினருக்கு வந்தன, போலி மாத்திரைத் தரப்பில் அது 23 சதவீதம். அரிதாக எலும்பு மஜ்ஜைக் கோளாறும் ரத்தப் புற்றும் வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

பிளாட்டினம் கீமோவின்போதே நோய் முன்னேறிவிட்டவருக்கு இம்மருந்து ஏற்றதல்ல. இரண்டும் தாக்கும் இடம் ஒன்றேயானதால், ஒன்றுக்குப் பணியாத கட்டி மற்றொன்றுக்கும் பெரும்பாலும் பணிவதில்லை.

கே-ராஸ்: எந்த எழுத்து என்பதே முடிவு

கே-ராஸ் பிறழ்ந்திருக்கிறது என்ற வரியோடு மரபணு அறிக்கையை மூடி வைத்துவிடக் கூடாது. அதில் எந்த வகைப் பிறழ்வு என்பது அடுத்த சொல்லில் இருக்கும். கணையத்தில் மிகுதியாகக் காணப்படுபவை ஜி12டி, ஜி12வி, ஜி12ஆர் ஆகியவை; புரதத்தின் 12-ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் வந்து சேர்ந்தது என்பதைக் கடைசி எழுத்து சொல்கிறது. நுரையீரல் புற்றில் பரவலாக உள்ள ஜி12சி, கணையத்தில் 1 முதல் 2 சதவீதத்தினரிடம் மட்டுமே உண்டு. ஆனால் முதலில் மருந்து கிடைத்தது அந்தச் சிறுபான்மைக்குத்தான்; ஜி12சி பிறழ்வில் புதிதாக வந்து சேரும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு மருந்து ஒட்டிக்கொள்ள முடிகிறது என்பதே காரணம். மற்றபடி கே-ராஸ் புரதம் வழவழப்பானது. மருந்து போய் உட்காரத்தக்க குழி அதில் எளிதில் அகப்படாததால் பல பத்தாண்டுகளாக அதை அணுகவே முடியாத இலக்கென்று கருதினார்கள்.

ஜி12சி உள்ளவருக்கு இரு மாத்திரைகள் உண்டு. ஏற்கெனவே கீமோ பெற்ற 38 கணைய நோயாளிகளிடம் சோடோராசிப் 21 சதவீதத்தினருக்குக் கட்டியைச் சுருக்கியது. நோய் முன்னேறாமல் நின்ற இடைநிலைக் காலம் 4.0 மாதம், ஆயுட்காலம் 6.9 மாதம். அடாகிராசிப் 21 பேரிடம் சோதிக்கப்பட்டு 33 சதவீதத்தினருக்குக் கட்டியைச் சுருக்கியது; நோய் நின்ற காலம் 5.4 மாதம், ஆயுட்காலம் 8.0 மாதம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடாகிராசிப்தான் மேல் என்று தீர்ப்பெழுதத் தோன்றும். எழுதக் கூடாது. இரண்டும் தனித்தனி ஆய்வுகள், சிறிய எண்ணிக்கைகள். ஒருவரோ இருவரோ கூடிக் குறைந்தால் சதவீதமே மாறிவிடும்.

இங்கே தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு சில. கணையப் புற்றுள்ளவர்களில் பலர் செரிமான நொதி மாத்திரையோடு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளையும் உட்கொள்கிறார்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் சோடோராசிப் உடலில் சேர்வதும் குறைகிறது. எனவே அவற்றை நிறுத்த முடியாதவருக்கு அடாகிராசிப் வசதியாகலாம். மறுபுறம், அடாகிராசிப் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் மாற்றத்தை உண்டாக்கக்கூடியது. இதய நோய்க்கு மருந்தெடுப்பவர், அல்லது அதே விளைவுள்ள வேறு மருந்துகளை உட்கொள்பவர், தொடங்கும் முன் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் அடாகிராசிப்பில் கூடுதலாகவே பேசப்படுகின்றன. ஏற்கெனவே எடை கரைந்துகொண்டிருக்கும் கணைய நோயாளிக்கு அது சிறிய விஷயமில்லை. இரண்டிலுமே கல்லீரல் நொதிகளைக் கண்காணிக்க வேண்டும்.

எஞ்சிய பெரும்பான்மைக்கு நம்பிக்கையைத் தந்திருப்பது டாராக்சோன்ராசிப். பிறழ்வின் ஒரு வகையை மட்டும் தேடாமல், திறந்த நிலையில் உள்ள ராஸ் புரதங்களைப் பொதுவாகவே தாக்கும் மாத்திரை இது. செல்லுக்குள் இருக்கும் சைக்ளோஃபிலின் என்ற மற்றொரு புரதத்தை இழுத்துவந்து ராஸோடு ஒட்டவைத்து அதை முடக்குகிறது. குழி இல்லாத இடத்தில் பிடிமானத்தை உண்டாக்கிக்கொள்ளும் இந்த உத்தி எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. ஆரம்பக்கட்ட ஆய்வுகளின் பலனைப் பார்த்து அமெரிக்க நிர்வாகம் 2025-இல் இதற்குத் திருப்புமுனை மருந்து என்ற தகுதியை வழங்கியது. ஏற்கெனவே கீமோ பெற்ற பரவிய நோயாளிகளிடம் கீமோவோடு நேருக்கு நேர் ஒப்பிடும் மூன்றாம் கட்ட ஆய்வுக்கும் அது சென்றது. தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் இதன் முக்கியச் சுமைகள். ஜி12டி, ஜி12வி என்று அறிக்கை வந்தவர்கள் மருத்துவரிடம் ராஸ் தடுப்பு மருந்துகளைப் பற்றியும், அவற்றுக்கான ஆய்வுகளில் சேரும் வாய்ப்பைப் பற்றியும் பெயர் சொல்லிக் கேட்பது பொருத்தமானது. முதல் கீமோ தோற்று உடல் தளர்ந்த பிறகு கேட்பதைவிட, தெம்போடு இருக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது.

கே-ராஸ் பிறழாதவர்கள்: அரிய பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியவர்கள்

பத்தில் ஒருவருக்கும் குறைவானவரிடம் கே-ராஸ் இயல்பாக இருக்கும். அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால் அதை ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று படித்துவிடக் கூடாது. சுவிட்ச் பழுதாகாமலே கட்டி வளர்கிறதென்றால் அதை ஓட்டும் சக்தி வேறெங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். இவர்களிடம்தான், குறிப்பாக இளைய வயதினரிடம், மரபணு இணைவுகள் என்ற அரிய இலக்குகள் கூடுதலாகத் தென்படுகின்றன.

இரு வேறு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வதே இணைவு. என்.டி.ஆர்.கே. இணைவு கணையத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இருந்தால் லாரோட்ரெக்டினிப், என்ட்ரெக்டினிப், ரெபோட்ரெக்டினிப் என்ற மாத்திரைகள் உண்டு. பல்வேறு உறுப்புகளில் இந்த இணைவுள்ள 55 பேரிடம் லாரோட்ரெக்டினிப் 75 சதவீதத்தினருக்குக் கட்டியைச் சுருக்கியது. ஆர்.இ.டி. இணைவுக்குச் செல்பெர்கடினிப், பல உறுப்புப் புற்றுகள் கொண்ட 41 பேரில் ஏறத்தாழ 44 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. பி-ராஃப் வி600இ பிறழ்வுக்கு டாப்ராஃபெனிப், டிராமெடினிப் இரண்டையும் சேர்த்துத் தருகிறார்கள். காய்ச்சல் இந்த ஜோடியின் தனித்தொல்லை. என்.ஆர்.ஜி.1 இணைவுக்கான ஜெனோகுடுசுமாப் 2024 டிசம்பரில் கணையப் புற்றுக்கென்றே பெயர் குறிப்பிட்டு அனுமதிக்கப்பட்டது. 30 கணைய நோயாளிகளில் 40 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. இரு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்து அது.

இலக்கு ஒன்றாக இருந்தாலும் உறுப்பு மாறினால் பலன் மாறும் என்பதற்கு, சில புற்றுசெல்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஹெர்2 என்ற ஏற்பி நல்ல எடுத்துக்காட்டு. அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து கருப்பை உட்சுவர்ப் புற்றில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பலன் தந்த அதே ஆய்வில், கணையப் புற்றுள்ள 25 பேரில் ஒருவருக்கே கட்டி சுருங்கியது. நுரையீரல் அழற்சி என்ற ஆபத்தும் அதில் இருப்பதால், ஹெர்2 இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தொடக்கத்திலேயே நாட எனக்கு மனம் வரவில்லை.

பெம்ப்ரோலிசுமாப் சரியான பொருளில் இலக்கு மருந்தல்ல, நோயெதிர்ப்புச் சிகிச்சை. எனினும் அதே மரபணு அறிக்கையில்தான் அதற்கான குறியும் இருக்கும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான கட்டிகளுக்கு 2017-இல் அனுமதி பெற்றது; கணையத்தில் இது ஏறத்தாழ 1 சதவீதம். எல்லா உறுப்புகளும் சேர்ந்த ஆய்வில் 34 சதவீதமாக இருந்த பலன், கணையத்தின் 22 பேரில் 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பலன் கிடைத்தவர்களுக்கு அது நெடுங்காலம் நிலைக்கக்கூடும் என்பதால் இச்சோதனையைத் தவிர்ப்பதற்கில்லை.

சோதனை எப்போது, எப்படி

மேலே சொன்ன அத்தனையும் இரண்டு சோதனைகளில் அடங்குகின்றன. ஒன்று, ரத்தத்திலோ உமிழ்நீரிலோ எடுக்கப்படும் பரம்பரை மரபணுச் சோதனை; குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும் கணைய அடினோகார்சினோமா உள்ள எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று முன்னணி வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பிறழ்வு தென்பட்டால் அது உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் செய்தி. மற்றது கட்டியின் திசுவில் செய்யப்படும் விரிவான சோதனை. கணையத்தில் இது எளிதல்ல. எண்டோஸ்கோபி வழியே மெல்லிய ஊசியால் எடுக்கும் திசு சிறிது, அதிலும் நார்த்திசு மிகுதி, புற்றுசெல் குறைவு. பயாப்சிக்கு முன்பே, மரபணுச் சோதனைக்கும் போதுமான திசு எடுக்கும்படி கேட்டுக்கொண்டால் இரண்டாவது முறை ஊசியைத் தவிர்க்கலாம். இணைவுகளைக் கண்டறிய டி.என்.ஏ. சோதனை மட்டும் போதாது, ஆர்.என்.ஏ. சோதனையும் வேண்டும்; கே-ராஸ் இயல்பாக இருப்பவர்கள் இதை வலியுறுத்த வேண்டும். திசு போதாதபோது ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதிக்கலாம், ஆனால் அங்கே ஒன்றும் தென்படவில்லை என்பதால் கட்டியிலும் இல்லை என்று ஆகிவிடாது.

அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகும். அதற்காகக் கீமோவைத் தள்ளிவைப்பது இந்த நோயில் ஆபத்தான தாமதம். சோதனைக்கு அனுப்பிவிட்டு, அதே வாரத்தில் கீமோவைத் தொடங்குவதே இரண்டுக்கும் இடையிலான சரியான வழி. 2020-இல் வெளியான ஒரு பெரிய பதிவாய்வில், பொருத்தமான இலக்கு இருந்து அதற்கான மருந்தும் பெற்ற 46 பேரின் இடைநிலை ஆயுட்காலம் 2.58 ஆண்டு, இலக்கு இருந்தும் அம்மருந்தைப் பெறாதவர்களுக்கு 1.51 ஆண்டு. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத ஆய்வு என்பதால் தெம்பாக இருந்தவர்களே மருந்தையும் பெற்றிருக்கலாம். அந்த ஐயத்தைக் கழித்துப் பார்த்தாலும் சோதிக்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணத்தையும் தரவில்லை.

நியூரோஎண்டோகிரைன் கட்டிகள்: மூன்று மாத்திரைகள்

இங்கே தேர்வின் இயல்பே வேறு. மரபணு அறிக்கையைவிட நோயாளியின் உடல்நிலையே மருந்தைத் தீர்மானிக்கிறது. எவரோலிமஸ், செல் வளர்ச்சியை நிர்வகிக்கும் எம்டார் என்ற புரதத்தைத் தடுக்கிறது. சுனிடினிப், கட்டிக்குப் புது ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கிறது. இரண்டும் 2011-இல் அனுமதி பெற்றன. போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது நோய் முன்னேறாத காலத்தை எவரோலிமஸ் 4.6 மாதத்திலிருந்து 11.0 மாதத்துக்கும், சுனிடினிப் 5.5 மாதத்திலிருந்து 11.4 மாதத்துக்கும் நீட்டின. இவ்வளவு நெருக்கமான எண்களை வைத்து ஒன்றை உயர்த்திப் பேச இடமில்லை.

பக்கவிளைவில்தான் பாதை பிரிகிறது. எவரோலிமஸ் ரத்தச் சர்க்கரையை உயர்த்தும், வாய்ப்புண் தரும், நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும், தொற்றுக்கு இடம் கொடுக்கும். சுனிடினிப் ரத்த அழுத்தத்தை உயர்த்தும், உள்ளங்கையும் பாதமும் தோலுரிந்து வலிக்கச் செய்யும், தைராய்டைக் குறைக்கும். ஆகவே கட்டுக்கடங்காத நீரிழிவோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவருக்குச் சுனிடினிப்பும், இதயச் செயலிழப்போ கடும் ரத்த அழுத்தமோ ரத்தக்கசிவோ உள்ளவருக்கு எவரோலிமஸும் பொதுவாகப் பொருந்தும். இதில் ஓர் அழகான விதிவிலக்கு இன்சுலினோமா. இன்சுலினைக் கட்டின்றிச் சுரக்கும் அக்கட்டியால் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து மயங்கி விழும் நோயாளிக்கு, எவரோலிமஸின் சர்க்கரை உயர்த்தும் தீமையே மருந்தாகிறது. சுனிடினிப்போ சர்க்கரையை மேலும் தாழ்த்தக்கூடும்.

மூன்றாவதான கபோசான்டினிப் 2025 மார்ச்சில் அனுமதி பெற்றது. முன்பே வேறு மருந்துகள் பெற்று நோய் முன்னேறியவர்களிடம் 13.8 மாதம் நோயை நிறுத்தியது. போலி மாத்திரையில் அது ஏறத்தாழ 4 மாதமே. இதை முந்தைய இரண்டின் எண்களோடு நேராக ஒப்பிட முடியாவிட்டாலும், அவை தோற்ற பிறகும் வழி இருக்கிறது என்று காட்டியதே இதன் பெருமதிப்பு. களைப்பும் ரத்த அழுத்தமும் கை கால் தோல் எரிச்சலும் பலருக்கு மருந்தளவைக் குறைக்க வைக்கின்றன. வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயால் வரும் கணையக் கட்டிகளுக்கு மட்டும் 2021 முதல் பெல்சுடிஃபான் என்ற தனி மாத்திரை உண்டு.

மெதுவாக வளரும் கட்டிகளில் இம்மருந்துகளை உடனே தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தொந்தரவில்லாமல் சில மாத இடைவெளியில் எடுத்த இரு ஸ்கேன்களில் மாற்றமே காணாதவருக்கு, ஹார்மோன் ஊசியோடு காத்திருப்பதும் முறையான சிகிச்சைதான்.

உடல் தெம்பும் மருந்தின் வலுவும்

மாத்திரை என்பதால் அது எளிதென்ற எண்ணம் எல்லா இடத்திலும் உண்மையாவதில்லை. பெரும்பகுதி நேரம் படுக்கையிலேயே கழிப்பவருக்குக் கீமோவைத் தவிர்க்கும் மருத்துவர் இலக்கு மாத்திரையைப் பற்றி என்ன முடிவெடுப்பது என்பது, அந்த மாத்திரை எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தது. என்.டி.ஆர்.கே. இணைவு உறுதியானவர் மிகவும் தளர்ந்திருந்தாலும் லாரோட்ரெக்டினிப்பை முயல்வதில் பொருள் உண்டு. நால்வரில் மூவருக்குக் கட்டி சுருங்கும் வாய்ப்புள்ள மருந்து அவரை எழுப்பி உட்காரவைக்கவும் கூடும். ஐவரில் ஒருவருக்கே பலன் தரும் மருந்தை அதே நிலையில் தொடங்கினால், வயிற்றுப்போக்கிலும் ரத்தப் பரிசோதனைகளிலும் எஞ்சிய வாரங்கள் கரைந்துபோக வாய்ப்பு அதிகம். மஞ்சள் காமாலை இருந்தால் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து அதை இறக்கிய பிறகே பெரும்பாலான இம்மருந்துகளைத் தொடங்க முடியும். வலியையும் பசியின்மையையும் கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சை, மருந்து தொடங்கும் நாளிலிருந்தே அதோடு கூடவே நடக்க வேண்டும்.

தொடங்கிய மருந்து பலன் தருகிறதா என்பதை ஏறத்தாழ இரு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன் சொல்லும். சி.ஏ. 19-9 என்ற ரத்தக் குறியீடும் துணை செய்யும். ஆனால் மக்களில் சிலருடைய உடல் பிறவியிலேயே அதை உற்பத்தி செய்வதில்லை, பித்தநாள அடைப்பிலும் அது தானாகவே ஏறும். ஓலபாரிப் பெறும் கட்டி தன் பிஆர்சிஏ மரபணுவை மறுபிறழ்வால் சரிசெய்துகொண்டு தப்பிக்கலாம். ராஸ் தடுப்பு மருந்து பெறும் கட்டி புதிய பிறழ்வை உண்டாக்கிக்கொண்டு தப்பிக்கலாம். ஆகவே நோய் மீண்டும் முன்னேறும்போது அடுத்த மருந்தைப் பழைய அறிக்கையை வைத்தே தேர்ந்தெடுக்காமல், ரத்தத்திலோ திசுவிலோ புதிய சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.